முட்டி ஆபரேஷன் முடிந்து நாலு வாரம், 70 டிகிரிக்கு மேல் கால் மடங்கவில்லை. பிசியோவை மாற்றலாமா?

குரோம்பேட்டை குமரன் · ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். முட்டி மாற்று ஆபரேஷன் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முந்தைய கதை: எந்த டாக்டர், எவ்வளவு செலவு, எந்தக் கம்பெனி மூட்டு. எனக்கு வேண்டியது வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் கதை.

அம்மாவுக்கு 68 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. நாலு வாரத்துக்கு முன் வலது முட்டியை மாற்றினோம். மறுநாளே வாக்கர் கொடுத்து நடக்க வைத்தார்கள், நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் ஒரு வெள்ளைக்காரர் பாயில் படுத்துக் காலைத் தூக்குகிறார், கீழே எல்லாம் இங்கிலீஷ். அம்மா அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார்.

ஒரு பிசியோ தம்பி வீட்டுக்கு வருகிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தடவைக்கு 600 ரூபாய். முதல் இருபது நிமிடம் கரண்ட் வைக்கிறார். கடைசி ஐந்து நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துக் காலை அழுத்தி மடக்குகிறார். அம்மா போடும் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது காலிங் பெல் அடித்தாலே அம்மாவின் தொடை கல்லாக விறைத்துக்கொள்கிறது. மற்ற நேரமெல்லாம் அசைவதில்லை. ராத்திரி முட்டிக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணையை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார்.

நேற்று ரிவ்யூ. மடக்குவது 70 டிகிரி, நீட்டினால் முழுசாக நேராவதற்கு 12 டிகிரி பாக்கி. ஆறு, ஏழு வாரத்தில் 90 வரவில்லை என்றால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடலாம் என்றார் டாக்டர். "மறுபடி தியேட்டருக்கா? என்னை விட்டுடு"ன்னு அம்மா ஆட்டோவிலேயே அழுதார்.

பிசியோவை மாற்றலாமா? தானாகக் காலை மடக்கி நீட்டும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறதாம், எடுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அண்ணாநகர் ஆதி · ஞாயிறு, இரவு 11.15

பிசியோ எல்லாம் காசு பிடுங்கும் வேலை நண்பரே. முறிவெண்ணெயைச் சூடு செய்து முட்டியிலிருந்து கெண்டைக்கால் வரை அழுத்தி உருவிவிடுங்கள். எங்கள் பெரியம்மா பதினைந்தே நாளில் எழுந்து நடந்தார்.

மாம்பலம் மருமகள் · திங்கள், காலை 6.05

ஆதி சார், உங்கள் பெரியம்மாவுக்கு முட்டியை மாற்றினார்களா, இல்லை வெறும் முட்டி வலியா?

குமரன், முதல் வேலையாக அந்தத் தலையணையை எடுங்கள். இன்றைக்கே. என் மாமியாருக்கும் இதே கதைதான். முட்டிக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வீங்கின முட்டிக்குப் பாதி மடங்கின நிலைதான் பிடிக்கும். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் முட்டியின் பின்பக்கம் அந்த அளவிலேயே இறுகிவிடும். உங்கள் அம்மாவின் 12 டிகிரி எங்கே போயிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தலையணைக்குள்தான்.

வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே கொடுத்தால் முட்டி அந்தரத்தில் நிற்கும், தன் பாரத்திலேயே மெல்ல இறங்கி நேராகும். முதல் நாள் என் மாமியாரால் மூன்று நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. பிறகு பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலு தடவை. சீரியலில் விளம்பரம் போட்டால் துண்டு வை, சீரியல் வந்தால் எடு. விளம்பரம் இவ்வளவு நீளம் என்று அவர் திட்டாமல் இருந்த ஒரே காலம் அதுதான்.

எல்லாரும் 90, 90 என்று மடக்குவதைப் பற்றியே கேட்பார்கள். நீட்டுவது வரவில்லை என்றால் ஆயுசுக்கும் நொண்டி நடைதான். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் டாக்டர். இரண்டாம் மாதத்தில் சொன்னார், அதுதான் கோபம்.

அண்ணாநகர் ஆதி · திங்கள், காலை 7.30

முட்டி வலிதான். ஆபரேஷன் இல்லை.

ஐசிஎஃப் தாத்தா · திங்கள், காலை 9.20

தம்பி குமரன், எனக்கு 74 வயது. இரண்டு முட்டியும் மாற்றியாயிற்று. முதலில் இடது, பதினான்கு மாதம் கழித்து வலது. 32 வருடம் ரயில் பெட்டிக்கு வெல்டிங் செய்தவன், குந்தியே தேய்ந்த முட்டி. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதல் முட்டிக்கு நானும் உன் அம்மா மாதிரிதான். பிசியோ வந்தால் வலி, போனால் படுக்கை. இரண்டாவது முட்டிக்கு எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிசியோ வருவது வாரத்தில் மூன்று அரைமணி. மற்ற நேரமெல்லாம் கால் என்னிடம்தான் இருக்கிறது. அரைமணியில் அவர் இழுத்து மடக்கியதை மீதி நாளில் நான் விறைக்கவிட்டால் அவர் என்ன செய்வார்?

வழி சொல்கிறேன். கட்டில் மெத்தையில் குதிகால் சறுக்காது, போர்வை சுருண்டுகொள்ளும். பரணில் பேரனின் பழைய கேரம் போர்டு கிடந்தது, ஒரு பக்கச் சட்டம் கழன்றது. அந்தப் பக்கம் தொடையை நோக்கி வருகிற மாதிரி காலுக்கு அடியில் போட்டேன். காலில் சாக்ஸ், போர்டில் கேரம் பவுடர். அப்புறம் குதிகாலை மெல்ல உடம்பை நோக்கி இழுக்க வேண்டியதுதான். வெண்ணெய் மாதிரி போகும். முடிகிற இடத்தில் நிறுத்தி, பாதத்தில் ஒரு துண்டை மாட்டி இரண்டு கையாலும் இன்னும் ஒரு துளி இழுத்து, பத்து எண்ணி, விட வேண்டும். ஒரு நடைக்குப் பத்து தடவை. நாளைக்கு ஐந்து நடை.

குதிகால் வந்து நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். ஒரு விரற்கடைக்கு ஒரு கோடு, கோட்டுக்குத் தாம்பரம்–பீச் மின்சார ரயிலின் ஒரு ஸ்டேஷன் பேர். தாம்பரத்தில் கிளம்பினேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வண்டி போகும். சில நாள் சிக்னல் விழாது, திரிசூலத்திலேயே நிற்கும். சில நாள் வீக்கத்தில் பின்னாலேகூடப் போகும், மிரளாதே. டிகிரி என்றால் நமக்கு என்ன தெரியும்? ஆனால் நேற்று மீனம்பாக்கம், இன்று பழவந்தாங்கல் என்றால் தெரியும்.

ஒரே எச்சரிக்கை: பவுடர் டைல்ஸ் தரையில் சிந்தினால் வழுக்கும். என் மனைவி வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பித்தாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. சுற்றிலும் பழைய வேட்டியை விரித்துவிடு, முடித்ததும் சாக்ஸைக் கழற்றிவிட்டுத்தான் அம்மா இறங்க வேண்டும்.

கசப்புக் கஷாயம் · திங்கள், பகல் 12.10

நாற்பது வருடத்துக்கு முன் யார் முட்டியை மாற்றினார்கள்? எல்லாம் ஆஸ்பத்திரி வியாபாரம். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு இப்போது கேரம் போர்டு தேடுகிறீர்கள்.

ஐசிஎஃப் தாத்தா · திங்கள், பகல் 12.45

நாற்பது வருடத்துக்கு முன் மாற்றவில்லைதான். மூலையில் உட்கார்ந்தார்கள். என் அம்மா கடைசி ஆறு வருடம் வாசலைத் தாண்டவில்லை. வாஜ்பாய் பிரதமராக இருக்கும்போதே 2000இல் ஒரு முட்டி, 2001இல் மறு முட்டி மாற்றிக்கொண்டார், அதைப் பேப்பரில் பார்த்துத்தான் நம் ஊரில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

மாம்பலம் மருமகள் · திங்கள், பகல் 1.15

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுக்கு உச்சவரம்பு போட்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி தவிர 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் பில்லில் மூட்டு என்பது ஒரு வரிதான். பிசியோவுக்கு என்று வரியே இருக்காது. அது வீட்டுக்கு வந்த பிறகு நம் பர்ஸிலிருந்து போகிறது, அதனால்தான் பலர் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

ராயபுரம் பிசியோ · திங்கள், இரவு 9.50

நான் இதே தொழிலில் பதினெட்டு வருடம். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணெய். ஆபரேஷன் ஆன காலில் கெண்டைக்காலை அழுத்தி உருவவே கூடாது. இந்த வாரங்களில் ரத்தக்குழாயில் கட்டி உறையும் ஆபத்து இருக்கிறது, உருவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108. காய்ச்சலோ, தையலில் கசிவோ, நாளுக்கு நாள் கூடும் சிவப்போ இருந்தால் பிசியோவைக் கேட்காதீர்கள், ஆபரேஷன் செய்தவரைக் கேளுங்கள்.

நாலாவது வாரத்தில் 70 என்பது பின்தங்கல்தான், பயப்படும் அளவு அல்ல. ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்துக்குள் 90க்குப் பக்கத்தில் வந்தால் நல்லது என்று நாங்கள் பார்ப்போம். நடக்க 65 டிகிரி போதும். படி ஏற 85. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க 90க்கு மேல். தாழ்வான சோபா என்றால் 105 வேண்டும். இந்தக் கணக்கில் 70 உள்ளவர் வீட்டுக்குள் நடப்பார், ஆனால் ஆட்டோவில் ஏறத் திணறுவார். சரிதானே?

நீட்டுவது இன்னும் அவசரம், மருமகள் அக்கா சொன்னது முழுக்கச் சரி. முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருந்தால், நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். நீங்களே அரை அங்குலம் முட்டியை மடக்கி நின்று காய்கறி நறுக்கிப் பாருங்கள்.

அடுத்து, அழுத்தி மடக்குவது. வலியில் நோயாளி எதிர்த்துப் பிடித்தால் தொடையின் முன் தசை இறுகும், முட்டிக்குள் வீக்கம் ஏறும். முட்டிக்குள் நீர் கட்டினால் அந்தத் தசைக்குப் போகும் கட்டளையே குறைந்துபோகும், கால் பலமிழந்து துவளும். அப்புறம் பயம், பயத்தில் இன்னும் இறுக்கம். கொஞ்சமும் வலியில்லாத பிசியோ கிடையாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் காலை முட்டி நேற்றைவிடப் பெரிதாக இருந்தால் நேற்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

வாடகை மெஷின் வேண்டாம். அதைப் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2014ஆம் வருடத்து காக்ரேன் ஆய்வில், மடக்கும் அளவில் கிடைத்த லாபம் சுமார் 2 டிகிரிதான். மெஷின் காலை அசைக்கும்போது தசை சும்மா கிடக்கிறது. தாத்தாவின் கேரம் போர்டு அதைவிட மேல், ஏனென்றால் இழுப்பது அவர் தசை.

மயக்கம் கொடுத்து மடக்குவது தண்டனை அல்ல, சில நிமிட வேலை. உள்ளே படர்ந்த ஒட்டுகளை விடுவிப்பார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால் பலன் அதிகம். அன்றைக்கே பயிற்சி தொடங்காவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஆகவே, அதைச் செய்தாலும் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது.

குமரன், ஒரு கேள்வி. அம்மா வலி மாத்திரையை எப்போது போடுகிறார்? பிசியோ வருவதற்கு முக்கால் மணி முன்னாலா, பின்னாலா?

குரோம்பேட்டை குமரன் · செவ்வாய், இரவு 11.05

ராயபுரம் சார், உங்கள் கேள்வி வீட்டில் ஒரு குண்டைப் போட்டுவிட்டது.

அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் போடறேன்டா" என்றார். மருந்து டப்பாவைத் திறந்தேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எல்லாம் கணக்காகக் காலி. வலி மாத்திரை அட்டை மட்டும் முழுசாக இருக்கிறது. இரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிட்டார்!

விசாரித்ததில் இரண்டு காரணம். ஒன்று, வலி மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்று ஃபோனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது காரணத்தை என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார். மாத்திரை போட்ட நாளிலிருந்து மலச்சிக்கல், அந்த உயரமான கமோடில் உட்கார்ந்தால் வரவும் இல்லை. மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று மாத்திரையையே நிறுத்திவிட்டார். அதாவது, இரண்டு வாரமாக மருந்தில்லாத முட்டியை அந்தத் தம்பி மடக்கியிருக்கிறார்.

தலையணை பறிமுதல் செய்யப்பட்டது. அம்மா என்னோடு பேசவில்லை.

மாம்பலம் மருமகள் · புதன், காலை 5.55

ஆபரேஷன் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இதுதான். சிலவகை வலி மாத்திரை குடலை மந்தமாக்கும். நாளைக்கே டாக்டருக்கு ஃபோன் போட்டு இரண்டையும் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தருவார், கூடவே இளக்கவும் தருவார். சர்க்கரை, கிட்னி இருப்பவர்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், மெடிக்கல் ஷாப் பையன் அல்ல. கமோடில் பாதத்துக்குக் கீழே சின்ன முக்காலி வேண்டாம், முட்டி அதற்கு இன்னும் தயாரில்லை.

சாப்பாடு எப்படி? எங்கள் வீட்டில் புளி சேர்த்தால் சீழ் வைக்கும், உருளைக்கிழங்கு வாயு, பருப்பு வாயு, முட்டை சூடு என்று எல்லாவற்றையும் வெட்டி, ரசம் சாதமும் பிரட்டும் மட்டும் மிஞ்சியது. புளியில்லாத ரசம். தசை வளர என்ன இருக்கிறது அதில்? பருப்பையும் தயிரையும் சுண்டலையும் திரும்பக் கொண்டு வர நான் ஒரு தர்மயுத்தமே நடத்தினேன்.

வியாசர்பாடி செல்வம் · புதன், இரவு 8.30

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முட்டி மாற்றினோம், கையிலிருந்து மூட்டுக்குக் காசு போகவில்லை. பிரச்சினை வீட்டில்தான். வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, டாய்லெட் இந்தியன். மேலே வைக்கும் கமோடு ஸ்டூல் மெடிக்கல் கடையில் வாங்கினோம். நாலு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று நான் முதலில் உட்கார்ந்து பார்த்துத்தான் அப்பாவை விட்டேன்.

பிசியோவுக்கு 600 கொடுக்க வழியில்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம். ஒரு அக்கா வந்தார். மெஷின் கிஷின் ஒன்றும் இல்லை. படியில் நிற்க வைத்து, "ஏறும்போது நல்ல கால் முன்னால, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால"ன்னு பத்து தடவை அப்பா வாயால் சொல்ல வைத்தார். நல்ல கால்தான் உடம்பைத் தூக்க வேண்டும், நல்ல கால்தான் மெதுவாக இறக்கவும் வேண்டும், அதுதான் கணக்கு.

அப்பா பழ வண்டி தள்ளுபவர். மூன்றாவது மாதம் வண்டியை எடுத்தார். இரண்டு கையும் பிடியில் ஊன்றி நிமிர்ந்து தள்ளும்போது அதுவே வாக்கர் மாதிரி ஆகிவிட்டது. வெறும் வண்டியாக ஒரு வாரம், அப்புறம் பாதி பாரம். இப்போது வாழைப்பழத்தோடு போகிறார்.

குரோம்பேட்டை குமரன் · வியாழன், இரவு 10.20

செல்வம், படி விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு சாஸ்திரச் சிக்கல். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது வலது கால். வாசலில் ஒரு படி. நீங்கள் சொன்னபடி இடது கால்தான் முதலில் ஏற வேண்டும். "நல்ல நாளும் அதுவுமா இடது கால் வெச்சு வீட்டுக்குள்ள வரதா?" என்று வாக்கரோடு வாசலிலேயே நிற்கிறார்.

மாம்பலம் மருமகள் · வியாழன், இரவு 10.32

படிக்கு இடது கால். படியில் இரண்டு காலும் சேர்ந்த பிறகு வாசலைத் தாண்ட வலது கால். மகாலட்சுமிக்கு முட்டியின் கஷ்டம் தெரியும்.

பெசன்ட் நகர் பானு · வெள்ளி, காலை 10.15

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு இடது முட்டி, ஒன்பது வாரம். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். தடியை இடது கையில்தான் பிடிக்கிறேன், ஆனால் இடுப்பு வலிக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. நடந்தால் உள்ளே டக் டக் என்று சத்தம். கழன்றுவிட்டதா?

ராயபுரம் பிசியோ · வெள்ளி, இரவு 9.40

கழலவில்லை. உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்ளும் சத்தம், வலியோ வீக்கமோ கூட இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மரத்த இடம் தோலுக்குப் போகும் சின்ன நரம்பு கீறலில் அறுபடுவதால். நாளடைவில் சுருங்கும், ஓரளவு நிரந்தரமாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் மட்டும் ஐஸ் வைக்கும்போது கவனம், குளிர் தெரியாமல் தோல் வெந்துவிடும். துணி சுற்றி, 15 நிமிடம்.

தடியை வலது கைக்கு மாற்றுங்கள். ஆபரேஷன் காலுக்கு எதிர்க் கை. இடது காலும் தடியும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். நோகும் பக்கமே பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாயும், இடுப்பு வலி அதனால்தான்.

பெசன்ட் நகர் பானு · சனி, காலை 7.50

மாற்றினேன். இதை ஒன்பது வாரமாக ஒருவரும் பார்க்கவில்லையே! இன்னொன்று: மெட்ரோ வாசலில் என் முட்டி பீப் போட்டது. அந்தப் பெண் காவலர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் பண்ணணும், வலிக்குமாம்மா?" என்றார். பின்னால் வரிசை நிற்க, ஐந்து நிமிடம் விளக்கினேன்.

குரோம்பேட்டை குமரன் · ஞாயிறு, இரவு 9.15

ஒரு வாரக் கணக்கு சொல்கிறேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார், வயிற்றுக்கும் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பையனிடம் சட்டம் உடைந்த கேரம் போர்டு ஒன்று இருந்தது, இரவல் வாங்கினோம். தாத்தா, உங்கள் ரயில் கணக்கைச் சொன்னதும் அம்மா, "நாம குரோம்பேட்டைக்காரங்க, தாம்பரத்துக்கு எதுக்குப் போகணும்?" என்று முதல் கோட்டையே குரோம்பேட்டை ஆக்கிவிட்டார். திங்களன்று அங்கே கிளம்பி இப்போது திரிசூலம்.

பிசியோ தம்பியை மாற்றவில்லை. மாற்றுவதாகத்தான் இருந்தேன். டீ கொடுத்து உட்கார வைத்து, "கரண்ட் மெஷின் வேண்டாம் தம்பி, அந்த நேரத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுங்க" என்றேன். சற்றுநேரம் பேசாமல் இருந்தார். "நானே சொல்லணும்னு நினைச்சேன் சார். மெஷின் வைக்கலேன்னா எதுக்குக் காசுன்னு கேக்கறாங்க. ரெண்டு வீட்ல நிறுத்திட்டாங்க" என்றார். ஒரு நாளைக்கு ஒன்பது வீடு, பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஸ்கூட்டரில். அந்தக் கரண்ட் பெட்டி மூன்று கிலோ இருக்கும், தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறுகிறார்.

இப்போது வந்ததும் முதலில் அளவுகோலை வைத்து இரண்டு அளவும் எடுக்கிறார், மடக்குவது ஒன்று, நீட்டுவது ஒன்று. காலண்டரில் எழுதுகிறார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல காலை ஆபரேஷன் காலின் மேல் குறுக்கே போட்டுத் தானே தள்ளி மடக்குகிறார். எவ்வளவு தள்ளுவது என்பது அவர் கையில், இல்லை, அவர் காலில் இருப்பதால் சத்தமே இல்லை. கீழ்வீட்டுக்காரர், "பிசியோவை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

ஐசிஎஃப் தாத்தா · ஞாயிறு, இரவு 9.50

திரிசூலத்தில் வண்டி கொஞ்சம் நிற்கும். அம்மாவிடம் சொல்லிவை.

குரோம்பேட்டை குமரன் · மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 6.30

ஏழாவது வாரம் முடிந்தது. தாத்தா சொன்னபடியே திரிசூலத்தில் ஆறு நாள் நின்றது. ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்ததில் வீங்கி, ஒருநாள் பல்லாவரத்துக்கே திரும்பிவிட்டது. அம்மா போர்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். காலை இருதயத்துக்கு மேலே உயர்த்தி வைத்து, ஐஸ் வைத்து, இரண்டு நாள் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தோம். அப்புறம் நகர்ந்தது.

இன்று பரங்கிமலை. அளவுகோலில் 92. நீட்டுவதில் 5 டிகிரி பாக்கி. டாக்டர் தியேட்டர் பேச்சை எடுக்கவில்லை. அம்மாவே, "மயக்கம் குடுத்து மடக்கணுமா டாக்டர்?" என்று கேட்டு, அவர் இல்லை என்று சொல்வதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

ஒரு வழக்கு பாக்கி. தரையில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவ வேண்டுமாம்.

ராயபுரம் பிசியோ · சனி, இரவு 10.10

நல்ல செய்தி. தரையில் சம்மணம், குந்துதல் எல்லாம் 130 டிகிரி சமாசாரம், இந்த முட்டியில் எல்லாருக்கும் வராது, வந்தாலும் தினமும் செய்ய நான் சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேஜையில் திருகி மாட்டும் துருவி வாங்கிக் கொடுங்கள். தரையிலிருந்து எழுந்திருக்க மட்டும் ஒரு தடவை கற்றுக்கொள்ளட்டும், என்றாவது விழுந்தால் தேவைப்படும். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு, பிசியோ பக்கத்தில் இருக்கும்போது, நாற்காலியைப் பிடித்து, நல்ல முட்டியை ஊன்றி.

குரோம்பேட்டை குமரன் · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.45

பன்னிரண்டாவது வாரம். வியாழக்கிழமை போர்டில் மாம்பலம் வந்துவிட்டது. 102 டிகிரி. "போர்டுல மட்டும் மாம்பலம் வந்து என்னடா பிரயோஜனம்?" என்றார் அம்மா.

ஆகவே இன்று காலை நிஜமாகவே போனோம். குரோம்பேட்டையில் பீச் வண்டி. ஞாயிறு காலை என்பதால் கூட்டமில்லை. நான் முன்னால் ஏறிக் கை கொடுக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டு நடுக் கம்பியைப் பிடித்து இடது காலை வைத்து ஏறினார். மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் போகாமல், ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போகும் ஆகாய நடைபாதைக்கு லிப்டில் ஏறினோம். 2023இல் திறந்தது, 570 மீட்டர். மேடு பள்ளம் இல்லை, மாடு இல்லை, பைக் இல்லை. நடை பழக இதைவிட நல்ல இடம் சென்னையில் எனக்குத் தெரியவில்லை. வலது முட்டி தொந்தரவு தரவில்லை. பாதியில் நின்றார், பார்த்தால் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கேரம் போர்டைப் பக்கத்து வீட்டுப் பையன் திருப்பிக் கேட்டான். பரீட்சை முடிந்துவிட்டதாம். அம்மா, "கொஞ்ச நாள் இருக்கட்டும்டா, இன்னொரு கால் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டார். நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ராயபுரம் பிசியோ · ஞாயிறு, இரவு 9.30

தேதி குறிப்பதற்கு முன்பே இடது தொடைக்குப் பயிற்சியை நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பலமான தொடையோடு தியேட்டருக்குப் போனால் பலமாகத் திரும்பலாம். பையனுக்கு ஒரு புது போர்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.